சோதனைக்கு வெளியே ஒரு டம்மி

ப்ரைஸ் ஹால்வர்சனுக்குக் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றித் தெரிந்ததெல்லாம் நிறங்கள்தான். பச்சை என்றால் போனஸ். மஞ்சள் என்றால் மீட்டிங். சிவப்பு என்றால் எல்லோரையும் பெரிய அறைக்கு வரவழைத்து, மேஜையில் ஜாம் பஸ்டர் என்கிற ஜாம் வைத்த டோனட் பெட்டியைத் திறந்துவைத்து, ஒருவரும் அதில் கைவைக்கத் துணியாதபடி முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார். எங்கள் கம்பெனியின் பாதுகாப்புத் துறைத் துணைத்தலைவர் அவர். அந்தப் பதவிக்கு அவர் வந்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய பதவியில் அவர் செய்ததை யாரும் சரிபார்க்காததுதான். ஆனால் அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அன்று சிவப்பு. வினிபெக்கில் பிப்ரவரி மாதக் காலை, எஞ்சின் உறையாதிருக்கக் கார்களை எல்லாம் ஹீட்டர் பிளக்கில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம்.

"இதை யாராவது படிச்சீங்களா? ஆபத்து அளவு பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு! நம்ம வீட்டுக் கதவு திறந்து கெடக்கு. நீங்க எல்லாரும் காபி குடிச்சுட்டு இருக்கீங்க" என்றார் ப்ரைஸ்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேரிட் ஃபேர் சூரியகாந்தி விதையைப் பல்லில் உடைத்துத் தோலைக் காகிதக் கோப்பைக்குள் துப்பினாள். எங்கள் புரோகிராமர்களில் கெட்டிக்காரி அவள். பணிவு மட்டும் கிடையாது. அவள் பிறந்து வளர்ந்த தெற்குப் பக்கத்து ஊர்களில் எல்லோரும் இப்படித்தான் விதை கொறிப்பார்கள், ஆனால் துணைத்தலைவர் பேசும்போது கொறிக்கமாட்டார்கள்.

"நான் படிச்சேன் ப்ரைஸ். திறந்து கெடக்கறது வீட்டுக் கதவு இல்ல. கார் ஷெட்ல நிக்கிற பொம்மை வீட்டோட கதவு" என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்பது புரிய, நாங்கள் செய்யும் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனியாக வாழும் வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பொத்தானை விற்பது எங்கள் பிழைப்பு. கீழே விழுந்தால் அதை அழுத்த வேண்டும். உடனே வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டி வழியாக எங்கள் அழைப்பு மையத்திலிருந்து ஒரு பெண் "என்ன ஆச்சு?" என்று கேட்பாள். பதில் வராவிட்டால் அந்த வட்டாரத்துத் தீயணைப்பு மையத்துக்கு எங்கள் புரோகிராம் தானாகத் தகவல் அனுப்பும். "தகவல் கிடைத்தது, வண்டி கிளம்பிவிட்டது" என்று அங்கிருந்து பதில் வந்ததும் எங்கள் திரையில் அது பச்சை எழுத்தில் தெரியும். அந்த வீட்டுப் பெட்டியும் "உதவி வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லும்.

இந்தப் புரோகிராமில் ஒரு வரியை மாற்றினாலும் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிப்போம். ஒவ்வொரு சோதனைக்கும் நிஜமான தீயணைப்பு மையத்தைக் கூப்பிட்டால் நிஜமான வண்டி மணியடித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் சோதனையின்போது மட்டும் மையத்தின் இடத்தில் ஒரு போலியை உட்காரவைப்போம். நாம் சொல்லிக்கொடுத்த பதிலை அது அப்படியே சொல்லும். 'கிளம்பிவிட்டது என்று சொல்' என்றால் சொல்லும். அதற்குப் பின்னால் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. இந்த மாதிரிப் போலிகளைச் செய்துதரும் இலவச லைப்ரரி, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தத் தயாராக இருக்கும் புரோகிராம் தொகுப்பு, ஒன்று உண்டு. உலகத்தில் பாதிப் பேர் உபயோகிப்பது. டம்மி லைப்ரரி என்று நாங்கள் சொல்வோம். அதைப் பராமரிக்கும் நாலைந்து பேருக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. எங்கள் கம்பெனியும் தந்ததில்லை. அவர்கள்தான் அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, அதை அடைத்து, பாதுகாப்பு அப்டேட் வெளியிட்டிருந்தார்கள்.

"போலிக்குப் பதில் சொல்லிக்கொடுக்கற ஃபைல்ல யாராவது விஷமமா ஒரு கட்டளையை நுழைச்சா அதையும் செஞ்சுடும். அதான் ஓட்டை" என்றாள் மேரிட். "அந்த ஃபைல் என் லேப்டாப்ல இருக்கு, சோதனை மெஷின்ல இருக்கு. கஸ்டமர் பக்கமே போறதில்ல. புது வெர்ஷன்ல ஓட்டையை அடைச்சதோட, சோதனைக்கு வெளியே எங்க ஓட்டினாலும் சட்டுனு நின்னுடற மாதிரியும் பண்ணியிருக்காங்க. நல்ல வேலைதான். அடுத்த வாரம் மத்ததோட சேர்த்து மாத்திடறேன்."

"அடுத்த வாரமா? ஹேக்கர் உன் காலண்டரைப் பார்த்துட்டு வரமாட்டான், மேரிட்."

"என் லேப்டாப்புக்கு வந்தான்னா விதைத் தோல்தான் கிடைக்கும்."

யாரோ சிரித்தார்கள். ப்ரைஸ் சிரிக்கவில்லை. "ஓட்டையைத் தேடற ஸ்கேனர் எங்கெல்லாம் காட்டுதோ அங்கெல்லாம் இன்னிக்கே புதுசு ஏறணும். ஒண்ணு விடாம."

"எங்கெல்லாம் காட்டுதுன்னு பார்த்தீங்களா?"

"பார்க்கறது என் வேலை இல்ல. பச்சையாக்கறதுதான் நம்ம வேலை. கிரெல்டன்ல நம்மளைக் காப்பாத்தினது எதுன்னு நினைக்கிறே? பதிவு! நம்ம சிஸ்டம் சுத்தமா இருந்ததாலதான் அன்னிக்குத் தலை நிமிர்ந்து நின்னோம்."

கிரெல்டன் என்பது தென்மேற்கில் உள்ள சின்ன ஊர். தானியக் கிடங்கு ஒன்று, பனித்தரையில் கல்லைத் தள்ளி விளையாடும் கர்லிங் அரங்கு ஒன்று, டயர் கடை ஒன்று. கிறிஸ்துமஸுக்கு முன்பு அங்கே ஆக்னஸ் ரெம்பெல் என்ற கிழவி நிலவறைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். பெட்டி மேல்மாடியில் இருந்தது. அதன் குரல் அவருக்குக் கேட்டது, அவர் குரல் அதற்கு எட்டவில்லை. பொத்தானை அழுத்தினார். பச்சை எழுத்து வந்தது. வண்டி வரவில்லை. வெகுநேரம் கழித்து, வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பித்தர வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் அவரைக் கண்டுபிடித்தாள். சிமெண்டுத் தரையின் குளிரில் கிழவியின் கைவிரல்கள் நீலம் பாய்ந்திருந்தன.

ஊர் கொதித்தது. ப்ரைஸ் தானே புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு கிரெல்டனுக்குப் போனார். கர்லிங் அரங்கின் மாடியில் ஊராட்சி கூடியிருந்தது. 'தகவல் கிடைத்தது, வண்டி கிளம்பிவிட்டது' என்ற பச்சை எழுத்தைச் சுவர் முழுக்கப் பெரிதாகக் காட்டினார். எங்கள் பக்கம் எல்லாம் சரி, உங்கள் ஆட்கள்தான் வரவில்லை என்று வருத்தமான குரலில் சொன்னார். ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவர் ஒரெஸ்ட் பிலிக். டயர் கடைக்காரர். சம்பளமில்லாத தொண்டர் படை அது; வட்டாரத் தீயணைப்பு மையம் கூப்பிட்டால் அவர்களுடைய பேஜர் அடிக்கும். தங்கள் பேஜர் எதுவும் அடிக்கவில்லை என்று அவர் எழுந்து சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. "மேட்ச் முடிஞ்சு பீர் அடிச்சுட்டு இருந்திருப்பாங்க" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டதாம். ஒரெஸ்ட் பதவியை விட்டு விலகி வெளியே போய்விட்டார்.

ப்ரைஸுக்குக் கம்பெனி கண்ணாடியில் செய்த விருது ஒன்றைக் கொடுத்தது. அவர் அறை ஜன்னலில் அது வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது.

மீட்டிங் நடந்த அன்றைக்கே, ப்ரைஸ் வாங்கிவைத்திருந்த தானியங்கிக் கருவி எல்லா இடத்திலும் புதிய பதிப்பை ஏற்றியது. சாயங்காலம் "முழுப் பச்சை! நன்றி, வீரர்களே!" என்று எல்லோருக்கும் மெயில் வந்தது. பதில் எழுதலாமா என்று மேரிட் என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை அழைப்பு மையத்தின் மேற்பார்வையாளர் எங்கள் தளத்துக்கு ஓடிவந்தார். தென்மேற்கு வட்டாரத்துக்கான புரோகிராம் நின்றுபோயிருந்தது. மற்ற எல்லா வட்டாரமும் ஓடின. அது மட்டும் அசையவில்லை. மேரிட் அந்த மெஷினைத் திறந்து பிழைச்செய்தியைப் படித்தாள். விதை கொறிப்பதை நிறுத்தினாள்.

"இங்க வா. இதை நீயும் படி. எனக்கு மட்டும்தான் இப்படித் தெரியுதான்னு பார்க்கணும்" என்றாள் என்னிடம்.

'இது சோதனை அல்ல. போலிப் பொருளை இங்கே ஓட்ட முடியாது' என்று இருந்தது.

"சோதனை மெஷினா இது?" என்று கேட்டேன்.

"நிஜ மெஷின். கஸ்டமர் மெஷின். இங்க எதுக்குடா டம்மி?"

புரோகிராமைத் திறந்து பார்த்தோம். தீயணைப்பு மையம் இருக்க வேண்டிய இடத்தில் போலி உட்கார்ந்திருந்தது. யார் விழுந்தாலும், எந்த வீட்டில் விழுந்தாலும், 'தகவல் கிடைத்தது, வண்டி கிளம்பிவிட்டது' என்று சொல்லும்படி அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மேலே ஒரு குறிப்பு: தற்காலிகம், இணைப்புக் கிடைத்ததும் எடுத்துவிடவும். எழுதியவன் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டான். அந்த வட்டாரத்துத் தீயணைப்பு மையம் எங்கள் புரோகிராமை ஆராய்ந்து ஒப்புதல் தர மாதக்கணக்கில் ஆகும் என்றிருந்தது. விற்பனை ஆட்களோ அதற்குள் பொத்தான்களை விற்றுவிட்டிருந்தார்கள். பரவாயில்லை, ஆரம்பித்துவிடுங்கள், இணைப்பைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கு உத்தரவிட்ட பிரிவுத் தலைவர் ப்ரைஸ் ஹால்வர்சன். பிறகு என்பது வரவேயில்லை. பொத்தானை அழுத்துகிறவர்களில் பெரும்பாலோர் தூக்கத்தில் தெரியாமல் அழுத்துகிறவர்கள், பெட்டி கேட்டதும் பதில் சொல்லிவிடுவார்கள். அதனால் டம்மி பேச வேண்டிய சமயம் அபூர்வமாகத்தான் வந்தது. வந்த ஒரு சமயம் ஆக்னஸ் ரெம்பெல் தரையில் கிடந்தார்.

மேரிட் முதலில் செய்தது மேற்பார்வையாளரிடம் பேசியதுதான். "இனிமே தென்மேற்கு ஏரியாவுல யாராவது அழுத்திட்டுப் பதில் சொல்லலைன்னா நீங்களே ஃபோனை எடுத்துத் தீயணைப்பு மையத்தைக் கூப்பிடுங்க. திரையைப் பார்க்காதீங்க."

"யார் உத்தரவு?"

"என்னோடது. திட்டறதா இருந்தா அப்புறம் திட்டுங்க."

அந்த அம்மாள் வேறெதுவும் கேட்காமல் ஓடினார். அதற்குள் ப்ரைஸ் வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு? ஏன் ஒரு ஏரியா செத்துக் கெடக்கு?"

மேரிட் சொன்னாள். சுருக்கமாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். ப்ரைஸ் முகத்தில் ஒரு கணம் ஏதோ தெரிந்தது. வெட்கம் என்று நான் நினைத்தேன். என் தப்பு.

"அப்டேட்டை எடுங்க. பழைய வெர்ஷனைப் போடுங்க" என்றார்.

"நேத்து வேற சொன்னீங்க."

"நேத்து அது பாதுகாப்பு. இன்னிக்கு அது தடங்கல்."

"பழசைப் போட்டா என்ன ஆகும் தெரியுமா? கெழவி ஒருத்தி விழுவா. டம்மி 'வந்துகிட்டே இருக்கோம்'னு சொல்லும். ஒரு நாய்கூட வராது."

"இத்தனை நாள் ஓடலையா?"

"ஓடல ப்ரைஸ். நடிச்சுது."

"குரலை உயர்த்தாதே. சட்டத் துறை சொல்ற வரைக்கும் யாரும் வெளியே ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிரெல்டன் முடிஞ்சுபோன கேஸ்."

"கிரெல்டன்ல ஒரு மனுஷனைப் பொய்யன்னு நிக்கவெச்சுட்டு வந்தீங்க. சுவர்ல படம் போட்டு."

"நான் காட்டினது பதிவு."

"நீங்க காட்டினது டம்மி சொன்னதை. உங்க கண்ணாடி விருது இருக்கே, அதையும் அதுக்கே கொடுத்திருக்கலாம்."

ப்ரைஸ் என் பக்கம் திரும்பினார். "நீ போடு பழசை." நான் மாட்டேன் என்றேன். அதில் பெரிய வீரமொன்றும் இல்லை, மேரிட் பக்கத்தில் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ப்ரைஸ் வாதாடவில்லை. கேள்வி கேட்காத ஆட்கள் கிடைக்கும் வேறு ஊரில் ஒப்பந்தக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பழைய பதிப்பு ஏறிவிட்டது. தென்மேற்கு மறுபடி பச்சையானது. ப்ரைஸ் கைதட்டினார். கூடச் சிலர் தட்டினார்கள். அவர்களில் ஒருவர் பெயரையும் நான் மறக்கவில்லை.

பிறகு இரண்டு மெயில்கள் வந்தன. ஒன்று எல்லோருக்கும்: வெளியார் தயாரித்த லைப்ரரி ஒன்றின் அப்டேட் காரணமாகச் சில இடங்களில் சிறிது நேரம் தடங்கல் ஏற்பட்டது, முழுமையாகச் சரிசெய்துவிட்டோம். இன்னொன்று மேற்பார்வையாளருக்கு: தீயணைப்பு மையத்தை நேரடியாக அழைப்பதை நிறுத்தவும், அப்படி அழைப்பது தவறான எண்ணத்தை உண்டாக்கும். அந்த அம்மாள் அதை அச்செடுத்துக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். தன் வேலை நேரத்தில் இதற்கு அடங்கப்போவதில்லை என்றார். மற்றவர்களுடைய வேலை நேரத்துக்கு அவர் உறுதி சொல்ல முடியாது.

மேரிட்டை அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை நீக்கம் இல்லையாம், ஓய்வாம். அவள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். விதைத் தோல் இருந்த கோப்பையை அவளே ப்ரைஸின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

வெளியே வந்ததும் மாகாணத்தில் இதற்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு ஃபோன் செய்தாள். புகார் பதிவாகிவிட்டது, முறைப்படி ஆராய்வோம் என்றார்கள். "முறைப்படின்னா பனி உருகினதுக்கு அப்புறம்" என்றாள் என்னிடம். "நாளைக்குக் கிரெல்டன் போறேன். வர்றியா?"

நான் காய்ச்சல் என்று சொல்லி விடுப்புப் போட்டேன். வழியெல்லாம் பனி கிளம்பி நெடுஞ்சாலையின் குறுக்கே புகைபோல ஓடியது. மேரிட் ஓட்டினாள். ப்ரைஸை என்னென்ன மிருகங்களோடு ஒப்பிடலாம் என்று இரண்டு மணிநேரம் யோசித்து, எதுவும் அந்த மிருகத்துக்கு நியாயமில்லை என்று முடிவுக்கு வந்தாள்.

டயர் கடையில் ஒரெஸ்ட் பிலிக் ஒரு பிக்கப் வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அகலமான மனிதர், நரைத்த மீசை. நாங்கள் எந்தக் கம்பெனி என்று மேரிட் சொன்னதும் எங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நட்டுகளைக் கழற்றினார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி நட்டு தகரக் கிண்ணத்தில் விழுந்ததும் அவர் கேட்டார்.

"டம்மியா?"

"ஆமா."

"அதாவது, நான் கிளம்பிட்டேன்னு சொன்னதா ஊருக்கே காட்டினீங்களே, அது நானில்ல."

"நீங்க இல்ல."

"என் பசங்களும் இல்ல."

"யாருமே இல்ல. தகவல் உங்களுக்கு வரவே இல்ல."

ஒரெஸ்ட் கையைத் துடைத்துக்கொண்டார். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? ஏம்மா, பேஜர் அடிக்கலைன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கே தெரியுமே. தெரியாதது எனக்கில்ல. பேரியர் பண்ணை எரிஞ்சப்போ விடிய விடிய என்கூடப் பனியில நின்னானுங்க பாரு, அவனுங்களுக்கு. வெர்ன் ஹாஸ்கெட்டுக்கு. அவன் பொண்ணோட கார் கவுந்தப்போ கதவை அறுத்து அவளை வெளிய எடுத்தது யாரு? அவன் ஊராட்சித் தலைவர் நாற்காலியில உக்காந்துகிட்டு என்னைப் பார்க்கல, சுவத்தைப் பார்த்தான். அவனுக்கு என் வாய் பத்தல. பச்சை எழுத்து வேணும்."

"அவங்ககிட்டயும் வந்து சொல்றோம். நீங்களும் வாங்க."

"நான் எதுக்கு? நான் சொல்லியாச்சு ஒரு தடவை." சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனவர் நின்று திரும்பினார். "உங்காளு வந்தானே, பளபளன்னு பூட்ஸ் மாட்டிக்கிட்டு. வாசல்ல ஐஸ்ல வழுக்கினான். நான்தான் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். விட்டிருக்கணும்."

ஆக்னஸ் ரெம்பெல் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். குச்சிபோல உடம்பு, கூர்மையான கண். கழுத்தில் இன்னும் எங்கள் பொத்தான். அதைப் பார்த்ததும் மேரிட் ஆரம்பித்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டாள். அவள் பேசத் திணறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மீதியை நான் சொன்னேன்.

 நான் முடித்ததும் கிழவி சொன்னார்:

"விழுந்ததும் நான் கத்திட்டே இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி அப்ப நிலவறை ஜன்னலை ஒட்டின அவ வாசல்ல பனி தள்ளிட்டு இருந்தா, மண்வெட்டிச் சத்தம் எனக்குக் கேட்டுது. அப்பதான் மேலே இந்தப் பெட்டி பேசிச்சு. உதவி வந்துகிட்டு இருக்குன்னு. அவ்வளவு இனிமையான குரல். சரி வர்றாங்களேன்னு நான் கத்தறதை நிறுத்திட்டேன்."



"நிறுத்தாம இருந்திருந்தா அவளுக்குக் கேட்டிருக்கும்" என்றார் கிழவி. "நான் ஒரெஸ்டைப் பத்தி இந்த ஊர்ல பேசாத பேச்சு இல்ல. சர்ச்சுல, கடையில, ஆஸ்பத்திரியில. பீர் குடிக்க என்னைப் போட்டுட்டுப் போயிட்டான்னு." ஃபோனை எடுத்தார். "வெர்ன்? ஆக்னஸ். சனிக்கிழமை மதியம் கூட்டத்தைக் கூட்டு. போட்டி இருந்தா இருக்கட்டும், அந்தக் கல்லுங்க எங்கயும் ஓடிடாது."

சனிக்கிழமை அரங்கின் மாடி நிறைந்திருந்தது. கீழே பனித்தரையில் கர்லிங் கற்கள் மோதும் சத்தம். வெர்ன் ஹாஸ்கெட் சுத்தமாகச் சவரம் செய்த, எதற்கும் அவசரப்படாத மனிதர். மேரிட் பேசி முடித்ததும் அவர் மேஜைமேல் இருந்த ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்.

"நீங்க கோபமா இருக்கீங்க, புரியுது. ஆனா கம்பெனிகிட்ட நேத்து விசாரிச்சேன். எல்லாம் சரியா ஓடுதுன்னு எழுத்துல கொடுத்திருக்காங்க. நீங்க வேலையில இருந்து அனுப்பப்பட்டவங்கன்னும் சொன்னாங்க. நான் எதை நம்பறது?"

மறுபடி தாள். மறுபடி எழுத்து. எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. மேரிட் வாயைத் திறப்பதற்குள் ஆக்னஸ் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். அதன் கூடையில் துணிப்பை ஒன்று. பையிலிருந்து எங்கள் பெட்டியை எடுத்தார். வீட்டுச் சுவரிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்திருந்தார்.

"வெர்ன், இதை அந்தப் பிளக்குல மாட்டு" என்றார். அவர் மாட்டினார். "படைக்காரப் பசங்க எத்தனை பேர் இருக்கீங்க? பேஜரை வெளிய எடுங்க. மேல தூக்கிப் பிடிங்க, எல்லாரும் பார்க்கட்டும். இப்ப ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது."

பொத்தானை அழுத்தினார்.

பெட்டியில் விளக்கு எரிந்தது. "திருமதி ரெம்பெல், உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். எங்கள் மேற்பார்வையாளரின் குரல் இல்லை, வேறு யாரோ. கிழவி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தார். "திருமதி ரெம்பெல்? கேக்குதா?" ஒருவரும் பேசவில்லை. கீழே ஒரு கல் இன்னொன்றோடு மோதியது. பிறகு பெட்டி தன் இனிமையான குரலில் சொன்னது: "உதவி வந்துகொண்டிருக்கிறது."

அறையில் இருந்த அத்தனை கண்களும் பேஜர்களைப் பார்த்தன. அவை அடிக்கவில்லை. தூக்கிப் பிடித்த கைகள் வலியெடுத்துத் தாழும்வரை அடிக்கவில்லை. படைக்காரர் ஒருவர் தன்னுடையதைத் தட்டிப் பார்த்தார். யாரோ அரைகுறையாகச் சிரித்து நிறுத்திக்கொண்டார்கள்.

"வந்துகிட்டே இருக்காங்களாம், வெர்ன்" என்றார் ஆக்னஸ். "வாசல்ல போய்ப் பார்க்கிறியா?"

வெர்ன் ஹாஸ்கெட் அந்தத் தாளை மேஜைமேல் குப்புற வைத்தார். கழுத்துவரை சிவந்திருந்தார். பின்வரிசையில் பீர் பற்றிப் பேசிய ஆசாமி யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அங்கே பலர் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று வந்திருந்தவர்களில் யாரோ இதையெல்லாம் ஃபோனில் படம் பிடித்திருந்தார்கள். மாகாண அலுவலகத்தின் முறைக்குத் திடீரென்று வேகம் வந்தது. அடுத்த வாரமே தென்மேற்கில் எங்கள் சேவையை நிறுத்திவைத்தார்கள். பொத்தான் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் போய் உண்மையைச் சொல்லச் சொன்னார்கள். மேரிட்டைத் திரும்பக் கூப்பிட்டது கம்பெனி. அவள் ஃபோனிலேயே சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். இப்போது தென்மேற்கு வட்டாரத் தீயணைப்பு மையத்திலேயே வேலை செய்கிறாள். ப்ரைஸ் ஹால்வர்சன் 'புதிய சவால்களைத் தேடி' எங்களை விட்டுப் போனார். ஏதோ ஒரு மாநாட்டில், லைப்ரரிகளை நம்பி ஏமாறாதீர்கள் என்று பேசினாராம். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

கூட்டம் முடிந்த அன்றே ஊராட்சி ஆட்கள் கும்பலாக டயர் கடைக்குப் போனார்கள். நாங்களும் பின்னால் போனோம். ஒரெஸ்ட் ஒரு டிராக்டர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். முடியும்வரை அவர்களைக் குளிரில் நிற்கவைத்தார். வெர்ன் மன்னிப்புக் கேட்டு, தலைவர் பதவியைத் திரும்ப ஏற்றுக்கொள்ளச் சொன்னார்.

"வேண்டாம். கூப்பிட்டா வருவேன், எரிஞ்சா அணைப்பேன். உன் மேஜையில வந்து உக்காரமாட்டேன்" என்றார் ஒரெஸ்ட். "இன்னிக்கும் நீ என்னை நம்பல வெர்ன். பெட்டி பொய் சொல்றதைக் கண்ணால பார்த்து நம்பினே, அவ்வளவுதான்."

அவர்கள் போன பிறகு ஆக்னஸ் நடைவண்டியோடு மெதுவாக உள்ளே வந்தார். படிக்கட்டில் நான்தான் தாங்கிப்பிடித்தேன்.

"நான் உன்னைப் பத்திக் கண்டபடி பேசினேன், ஒரெஸ்ட்."

"நீ தரையில கெடந்தே. உனக்குப் பேச உரிமை இருந்துச்சு. நாற்காலியில உக்காந்திருந்தவனுக்குத்தான் இல்ல" என்றார் அவர். பழைய டயர் ஒன்றின்மேல் கோணிப்பையை விரித்து அவரை உட்காரவைத்தார்.

இப்போது வாராவாரம் ஆக்னஸை நடைப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது ஒரெஸ்டின் பிக்கப்தான். வெர்ன் ஹாஸ்கெட் மட்டும் டயர் மாற்றப் பக்கத்து ஊருக்குப் போகிறார்.